நீல டப்பாவில் யார் அரிசி போடுவது?

மௌலா அலி
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் பிளெசிக்கு அப்பா எழுதுவது. அந்த மழை தேசத்தில் உன்னையும் மாப்பிள்ளையையும் பேரன் இவானையும் கர்த்தர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. இங்கே மௌலா அலியில் நானும் அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் முழுச் சுகம் என்றால் பொய், சுகமே இல்லை என்றால் அதைவிடப் பெரிய பொய், ஆகவே நடுவில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, அப்பாவுக்குக் காகிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் பக்கத்து அறையில் அம்மா காதில் விழும், வாட்ஸ்அப்பில் எழுதினால் என் போனை எனக்கு முன்னால் அவள்தான் படிப்பாள். நம் சபைப் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் உஷா டேனியல் இருக்கிறார்களே, அவர்கள் தம்பி வெள்ளிக்கிழமை டப்ளினுக்குப் புறப்படுகிறான், அவன் கையில் கொடுத்துவிடுவேன்.

போன வாரம் நீ அழுதுகொண்டே ஒன்று கேட்டாய். அம்மாவே ஜெபத்த விட்டுட்டா நான் யாரப் பாத்துப்பா ஜெபம் பண்றது என்று. சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது கீமோ முடிந்த பிறகு அம்மா எப்படி ஆனாள் என்பதில் பாதியைத்தான் உனக்குச் சொன்னேன். இன்னும் மூன்று தடவை பாக்கி, நடுவில் நிறுத்தினால் பட்ட பாடெல்லாம் வீண் என்று டாக்டர் சொல்கிறார். அவளோ, இனிமே அந்த ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டேன், என்னய விட்டுருங்க என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். ராத்திரி ஜெபத்துக்குக் கூப்பிட்டால், நீங்க பண்ணுங்க, எனக்கு அவர்ட்ட பேச ஒண்ணும் இல்ல என்றாள். அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததே இல்லை, பயந்துபோனேன். பாஸ்டர் ஐயா வந்தார், சபையார் வந்தார்கள், ஆளுக்கொரு வசனம் சொல்லித் தேற்றிவிட்டுப் போனார்கள், எல்லாம் நல்ல மனதோடுதான். கதவைச் சாத்தியதும் அம்மா சொல்கிறாள், வாரவுக எல்லாரும் வசனத்தக் கொண்டாந்து வச்சிட்டுப் போறாவ, ஒருத்தராவது ஒரு நல்ல ஊறுகா கொண்டாந்தா என்னவாம் என்று. அடுத்த வீட்டு பாமா அம்மாள் காதுக்கு அது எப்படிப் போனதோ, மறுநாளே ஒரு கிண்ணம் நார்த்தங்காய் வந்தது. எது தின்றாலும் இரும்பைச் சப்புவது போல இருக்கிறது என்றவள், அதை ஒரு துளி நக்கிவிட்டு, ஏங்க, உப்பு தெரியுது என்றாள். அதைத்தான் அன்றைக்கு உனக்குப் பெரிய செய்தியாக அனுப்பினேன், நீ இதயப் படமாகப் போட்டுத் தள்ளினாய்.

சமையல் இப்போது நான்தான், உனக்குத் தெரியும். தாளிக்கிற வாசம் பட்டாலே அம்மாவுக்குக் குமட்டுகிறது, அதனால் அடுப்பு எரியும்போது அவள் முன் அறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே இருப்பாள். காபி குடிக்க மட்டும் அடுப்படிக்குப் போய்ப் பழகியவன் கையில் அடுப்படியையே கொடுத்தால் என்ன ஆகும்? ஒருநாள் டிரம்மில் அரிசி காலி. மேல் தட்டில் நீ சண்டே ஸ்கூல் கிறிஸ்மஸ் மர விழாவில் பரிசு வாங்கிய அந்த நீல பிஸ்கட் டப்பா இருந்தது, திறந்தால் நிறைய அரிசி. கர்த்தர் கொடுத்தார் என்று எடுத்துக் களைந்து குக்கரில் போட்டு மூன்று விசில் விட்டேன். திறந்து பார்த்தால் பாதி கஞ்சி, பாதி கல். நடுவில் சிவப்பாக வேறு சில பருக்கை முறைத்துக்கொண்டு நிற்கிறது. இதென்ன அதிசயம், ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு, இது மட்டும் ஏன் இப்படி என்று தட்டில் பரப்பி வைத்து ஆராய்ச்சி செய்தேன். நாற்பது வருடம் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்த புத்தி எங்கே போகும்? தட்டை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். ஏங்க, நீல டப்பாவா என்றாள். ஆமாம் என்றேன்.

இவானுக்கு விளங்கும்படி சொல்கிறேன், படித்துக் காட்டு. உன் பாட்டி உலை வைக்குமுன் அளந்த அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்து அந்த டப்பாவில் போடுவாள், அன்றைக்கு நமக்கு அவ்வளவு சோறு குறையும், அதுதான் காணிக்கை. மாதம் முதல் ஞாயிறு பெண்கள் ஐக்கியத்தார் வந்து வாங்கிப் போய் விடுதிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். சீக்காவதற்கு முன் அவள் சேர்த்தது அது. ஒருநாள் சோனா மசூரி, ஒருநாள் இட்லி அரிசி, கறிச்சோறு ஆக்கிய அன்றைக்குச் சீரகச் சம்பா, நம் ஊர் நாசரேத்திலிருந்து சித்தப்பா கொண்டுவந்த சிவப்பரிசி என்று எல்லாம் கலந்து கிடந்திருக்கிறது. அப்புறம் எப்படி ஒன்றாக வேகும்? அட பாவி மனுசா, கர்த்தருக்கு எடுத்து வச்சதையா பொங்கிட்டீங்க, அதான் வேகல, அவர் அரிசி உம்ம மூணு விசிலுக்கு அடங்குமா என்று சொல்லிச் சிரித்தாள் பாரு பிளெசி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலையில் கட்டின துணி நழுவி விழ, அதைக்கூட எடுக்காமல் சிரித்தாள். எத்தனை மாதம் ஆயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு. அந்தச் சோற்றை மோர் விட்டுக் கரைத்து நானே தின்று தீர்த்தேன், தண்டனை.

டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து, காய்ந்ததும் தட்டில் வைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துக் கடலைப்பருப்பு போட்டு வைக்கலாம் என்று திறந்தால் அடியில் அரிசி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் போடவில்லை. அம்மா அடுப்படிப் பக்கமே வருவதில்லை. வேலைக்கு வரும் யாதம்மாவிடம் எனக்குத் தெரிந்த தெலுங்கில் விசாரித்தேன், நாக்கேம் தெல்வது சார், எனக்கு ஒன்றும் தெரியாது என்று கையை விரித்துவிட்டு, அரிசி குறைந்தால் கேட்பார்கள், கூடினால் கேட்கிற வீட்டை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஒரே சிரிப்பு. சாவி பாமா அம்மாளிடமும் ஒன்று இருக்கிறதே என்று அங்கே போனேன். ஹவ், ஆமா அண்ணா, ஊறுகா குடுத்தா அரிசியும் குடுப்பேன்னு நினைச்சீங்களா, கொண்டுவந்தா சொல்லிட்டுத்தானே கொண்டுவருவேன் என்று அவர் கேலி பண்ணினார். மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான். வயதாகிறது, நானே போட்டுவிட்டு மறந்துபோகிறேனோ என்று ஒரு பயம் பிடித்தது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. சரி, சோதித்துவிடுவோம் என்று அரிசியைச் சமன் செய்து மேலே ஒரு கிராம்பை வைத்து மூடினேன். மறுநாள் மத்தியானம் திறந்தால் கிராம்பைக் காணோம், கிளறிப் பார்த்தால் அரிசிக்குக் கீழே கிடக்கிறது. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. பத்து நாளாகவே, அளந்துதான் வைக்கிறேன், ஆனாலும் சோறு எனக்குக் கொஞ்சம் குறைகிறதே என்று முனகிக்கொண்டிருந்தேன்.

காலையில் அரிசியை அளந்து பாத்திரத்தில் வைத்துவிட்டுத்தான் நான் பால் வாங்கக் கீழே இறங்குவேன். போன புதன்கிழமை பாதிப் படியில் பை மறந்தது ஞாபகம் வந்து திரும்பி வந்தேன், கதவு ஒருக்களித்திருந்தது. உன் அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படிக்குள் போய்க்கொண்டிருந்தாள். நான் அளந்து வைத்த பாத்திரத்தில் கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். பிடியிலிருந்து நாலைந்து அரிசி தரையில் சிந்தியது. குனிந்தால் தலை சுற்றுகிறவள், மேடையைப் பிடித்துக்கொண்டு மெள்ள உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். டப்பாவில் போட்டாள், மூடினாள். அவள் உதடு அசைகிறதா என்று பார்த்தேன், அசையவில்லை. கண்ணை மூடவும் இல்லை. அவரிடம் பேச ஒன்றுமில்லை என்று சொன்னவள் அவருக்குக் கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லையே, இது என்ன, கோபமா, பழக்கமா, ஜெபமா? பிளெசி, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பேச்சை நிறுத்திய பிறகும் புருஷனுக்குச் சோறு போடும் பெண்டாட்டிகள் உண்டு, அந்த மாதிரியோ என்னவோ. சத்தமில்லாமல் படி இறங்கிப் போய், கீழே பைக்குகள் நிற்கும் இடத்தில் நின்று அழுதேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டு நானே ஓடிப்போன கதை இது.

இன்றைக்கு முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்து நான் வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் உஷா டேனியல் பையோடு வந்தார்கள். அம்மாவைச் சிரமப்படுத்த வேண்டாம், இருப்பதைக் கொடுத்து அனுப்பிவிடுவோம் என்று நான் டப்பாவை எடுக்கப் போனேன். உள் அறையிலிருந்து சத்தம் வருகிறது, அத எடுக்காதீங்க என்று. எழுந்து வாசல்நிலை வரை வந்துவிட்டாள். இன்னும் பாதிகூட நிறையல உஷா, அரை டப்பா குடுத்து எனக்குப் பழக்கமில்ல, அடுத்த மாசம் நிறஞ்சதும் நானே கோவிலுக்குக் கொண்டாந்து தாரேன் என்றாள். வாய் ஓயாத உஷா டேனியல் அம்மாவின் கையை மட்டும் பிடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த மாதம் என்ற வார்த்தை இந்த வீட்டில் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. அப்புறம் என் பக்கம் திரும்பி, வியாழக்கிழமை எத்தன மணிக்கு வரச் சொல்லியிருக்காவ என்று கேட்டாள். எதற்கு என்று தெரியாதவன் மாதிரி கேட்டேன். ஆஸ்பத்திரிக்குத்தான், வேற எதுக்கு, ஆட்டோ வேண்டாம், குலுக்கும், சாரங்கபாணி அண்ணன்ட்ட காரக் கேளுங்க என்றாள். பாமா அம்மாளின் வீட்டுக்காரர்தான் அவர், அன்றைக்கு லீவு போட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். படுக்கப் போகிறவள் நின்று, கிராம்பு போட்டா வண்டு வராதுன்னு யாரு சொல்லிக் குடுத்தா, நல்ல யோசனதான் என்று வேறு பாராட்டினாள்.

வியாழக்கிழமை காலை. ஞாயிற்றுக்கிழமை கண் அயர்ந்துவிட்டது, விட்ட இடத்திலிருந்து முடித்துவிடுகிறேன். இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்து, பால் பாக்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழங்கால் மேல் எழுதுகிறேன், கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள். கார் ஒன்பது மணிக்கு வரும். இனி வரும் நாட்களும் லேசாக இருக்காது, அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். உன் கேள்விக்கு அப்பாவிடம் பதில் இன்னமும் இல்லை, நான் கண்ணால் பார்த்தது மட்டும் இருக்கிறது, அதை அப்படியே எழுதிவிட்டேன். உனக்கு வார்த்தை வராத நாளில் வற்புறுத்தாதே. நேரத்துக்குச் சாப்பிடு, இவானுக்குக் காதை மூடித் தொப்பி போடு, நார்த்தங்காய் ஒரு பாட்டில் இத்துடன் வருகிறது, மாப்பிள்ளையிடம், எனக்கும் கொஞ்சம் வையுங்கள் என்று சொல்லிவிட்டு உன் பங்கை ஒளித்து வை. உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காத்து, உன் கையின் வேலைகளை ஆசீர்வதிப்பாராக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அம்மாவிடம் டப்பாவைப் பற்றி மூச்சு விடக்கூடாது. அவளாகச் சொன்னால், முதல் தடவை கேட்பது போலக் கேள்.

சோறு குறைகிறது என்று முனகுவதை நான் நிறுத்திவிட்டேன். பால் வாங்கக் கொஞ்சம் மெதுவாகவே போய் வருகிறேன். இதோ மேலே டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்கிறது. இன்றைக்கும். அவள் மூடி வைத்துவிட்டுப் போகட்டும், அப்புறம் நான் பலமாக இருமிக்கொண்டு படி ஏறுகிறேன்.

உன் அப்பா,
தனசிங்