கன்னத்தில் ஒதுக்கிய சுக்கு

அம்மா,

இன்று காலை மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஆட்டோவை விட்டு இறங்கியதுமே சுக்கு வாசம் முகத்தில் அடித்தது. நீ இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து நல்லதும் சொத்தையும் பிரித்துச் சுக்கு பொறுக்கிய கிடங்கின் கதவு திறந்திருந்தது. வழக்கமாக மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடுவேன். இன்று வாசலிலேயே நின்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே நான் பேயறைந்த மாதிரிதான் இருக்கிறேன். சொல்கிறேன், கேள்.

உன்னிடம் ஒரு கதை உண்டே, முடிக்காரன் கதை. தோள்வரை முடி வளர்த்த ஒருவன் முதுகில் கிட்டாரோடு கிடங்குக்குள் வந்தானாம். அன்று சாயங்காலம் ஃபோர்ட் கொச்சியில் அவன் பாட வேண்டும், தொண்டையோ கட்டிவிட்டதாம். நீ ஒரு துண்டு சுக்கை அவன் வாயில் போட்டு அதட்டினாயாம். மறுநாள் பஸ் ஸ்டாப் சுவரில் போஸ்டரைப் பார்த்துத்தான் அவன் பெரிய ராக் பாடகன் என்று தெரிந்ததாம். ஒரு தடவை சொல்லும்போது கிட்டார் சிவப்பு, இன்னொரு தடவை கறுப்பு. அப்பாவும் நானும் உன்னை ஓட்டாத நாளில்லை. "நம்பாட்டி போங்க. எனக்கென்ன?" என்பாய்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதை ஆரம்பித்தாய். திருப்பூணித்துறையிலிருந்து வந்த படித்த குடும்பம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "போதும்மா. சுக்கு பொறுக்குறவகிட்ட அவரு எதுக்கு வரப்போறாரு?" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். நீ சாயா எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனாய். அதற்குப் பிறகு, சாகும்வரை, அந்தக் கதையை யாரிடமும் நீ சொல்லவில்லை. தொல்லை விட்டது என்று நானும் இருந்துவிட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் காக்கநாட்டில் அந்த முடிக்காரரின் கச்சேரி. எழுபதைத் தாண்டிவிட்டார், தலையில் ஒரு முடி இல்லை. அன்று பெண் பார்க்க வந்த உன் மருமகன்தான் கூட்டிப்போனார். முதல் நாலு பாட்டுக்கு மைதானமே அதிர்ந்தது. இந்த வயதில் இப்படி ஒரு தொண்டையா என்று வாய் பிளந்து நின்றேன்.

ஐந்தாவது பாட்டுக்கு முன்னால் அவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டார். கூட்டம் விசிலடித்தது. தப்பாக நினைக்காதீர்கள், வெறும் சுக்குதான் என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். இந்த ஊருக்கு முதன்முதலாக வந்தபோது தொண்டை கட்டிவிட்டது, மட்டாஞ்சேரியில் ஒரு கிடங்குக்குள் நுழைந்தேன், சுக்கில் தடவுகிற சுண்ணாம்பின் தூசி கையெல்லாம் படிந்த ஒரு பெண் இதை என் வாயில் திணித்தாள் என்றார். பிறகு அவள் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னார், அம்மா. உன் அதட்டலோடே சொன்னார்.

"கடிக்காத. கன்னத்துல ஒதுக்கு. எரியட்டும்."

எனக்குச் சளி பிடித்தபோதெல்லாம் நீ சொன்ன அதே வார்த்தை. எல்லோரும் சிரித்தார்கள். உன் மருமகன் என் கையைப் பிடித்து, "இது உங்கம்மா அன்னைக்குச் சொன்ன கதையில்ல?" என்றார்.

அதோடு அவர் விடவில்லை. அன்றைய கச்சேரிக்கு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாராம். வாசலில் அவளுக்காக டிக்கெட்கூட எடுத்து வைத்தாராம். வீட்டில் பால் குடிக்கிற பிள்ளை இருக்கிறது, வர முடியாது என்று சொல்லிவிட்டாளாம்.

இதை நீ எங்களிடம் சொன்னதே இல்லை. அத்தனை தடவை சொன்ன கதையில் இதை மட்டும் விட்டுவிட்டாய். அந்தப் பிள்ளை நான்தானே அம்மா? என்னால் நீ கேட்காமல் போன பாட்டைத்தானா நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்?

"எங்கம்மா! அது எங்கம்மா!" என்று கத்தினேன். டிரம்ஸ் தொடங்கிவிட்டது, மேடைக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற மலையாளிப் பெண் மட்டும் பதறிப்போய், "எந்து பற்றி சேச்சி?" என்று, என்ன ஆச்சென விசாரித்தாள். அழுதுகொண்டே அவளிடம்தான் முதலில் சொன்னேன்.

இப்போது எங்கள் பள்ளுருத்தி வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்கிறேன். "எங்கம்மா சுக்கு பொறுக்குறவ" என்றுதான் ஆரம்பிக்கிறேன். கிட்டார் ஒரு நாள் சிவப்பாக வருகிறது, ஒரு நாள் கறுப்பாக. யாராவது சிரித்தால், நம்பாட்டி போங்க என்கிறேன்.