வள்ளியைச் சேர்த்துவிட்டேன், மும்தாஜ்

என் அன்பு மும்தாஜ்,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் வீட்டுக்குப் போனால் உன் அம்மா இன்னும் மறந்துபோய் இரண்டு டம்ளர் டீ எடுத்து வருகிறார்கள். நான் ஒருத்திதான் வந்திருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

பச்சைமலையில் நாம் இருவரும் செய்த நினைவாற்றல் ஆராய்ச்சியைப் பற்றி உன்னிடம் ஓர் உண்மை சொல்ல வேண்டும். பத்து நாள் காலையில் அந்த ஊர்ப் பெண்களுக்கு இருபது சொற்களைப் படித்துக்காட்டி, எத்தனை நினைவிருக்கிறது என்று குறித்தோமே. பயிற்சி ஏற ஏற எல்லாரும் மெல்ல முன்னேறினார்கள். வள்ளிக்கு மட்டும் ஒருநாள் பதினாறு, மறுநாள் மூன்று.

"இவங்கள எடுத்துடலாம்டி. மொத்தத்தையும் கெடுக்கிறாங்க" என்றேன்.

"கெடுக்கலக்கா. அந்த மூணும் அவங்கதானே? ஏன்னு கேக்க வேணாமா?" என்றாய்.

துறையூரில் பஸ் பிடித்து நீ மட்டும் மறுபடி மலையேறினாய். "புள்ளைக்கு வலிப்பு வர்ற அன்னிக்கு எனக்கு எதுவும் மனசுல நிக்காதுங்க" என்று வள்ளி சொன்னதை வந்து சொன்னாய். அந்தச் சிறுமியைப் புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து டாக்டரிடம் காட்டியதும் நீதான். நானோ, "ஆராய்ச்சிக்கு வந்தோமா, ஊழியத்துக்கு வந்தோமா?" என்று கத்தினேன். வள்ளியை நீக்கிவிட்டுத்தான் ஆய்வேட்டை எழுதினேன்.

பிறகு நீ நோயில் படுத்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் குரல் எழும்பாமல் கேட்டாய்: "வள்ளியச் சேத்தீங்களாக்கா?"

"சேத்துட்டேன்டி."

பொய். நீ சிரித்தாய். தெரிந்துதான் சிரித்தாயா?

உன் நாற்பதாம் நாள் முடிந்து ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்குத் திரும்பியதும் கம்ப்யூட்டரைத் திறந்து வள்ளியைச் சேர்த்தேன். சராசரி கொஞ்சம்தான் நகர்ந்தது. எண்களின் சிதறல்தான் அகலமாக விரிந்தது. 'பயிற்சி எல்லாருக்கும் ஒன்றுபோல் உதவியது' என்று எழுதியிருந்த முடிவை அடித்தேன்.

"ஒருத்தருக்காகவா மறுபடி எழுதுறீங்க? இன்னும் ஒரு வருஷம் போயிடுமேம்மா" என்றார் என் வழிகாட்டி.

"போகட்டும் சார்" என்றேன்.

போன வாரம் மலைக்குப் போய் வள்ளியைப் பார்த்தேன். மகள் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாளாம், ஸ்கூலுக்குப் போகிறாள்.

"அந்தப் பொண்ணு வரலீங்களா?" என்று கேட்டார்.

சொன்னேன். வள்ளி மகளைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்காரவைத்தார். நீ போனபிறகு நான் வாய்விட்டு அழுதது அப்போதுதான்.

இனி யாருடைய பெயரையும், அவர்கள் வாசல்வரை போய் ஏன் என்று கேட்காமல் நீக்க மாட்டேன், மும்தாஜ்.

உன்னிடம் பொய் சொன்ன,
உன் அக்கா
சுதா