நீதிமன்றம் ஏறிய வாத்து

லண்டன்,
1731 மார்ச்

அன்பு மகள் தமசினுக்கு, அம்மா எழுதுவது. நான் சுகம். உன் அப்பாவும் சுகம், கொஞ்சம் இளைத்திருக்கிறார், அதுவும் நல்லதுக்குத்தான். பாஸ்டனில் நீயும் குழந்தையும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையின் இருமலுக்குத் தேன் கொடு. பிரசங்கத்தைப் பாதியாகக் குறைத்தால் தேனும் தேவைப்படாது.

லண்டனில் எல்லாரும் ஏன் நையாண்டியே எழுதுகிறீர்கள், மனதில் பட்டதை நேராக எழுதினால் என்ன என்று மாப்பிள்ளை கேட்டதாக எழுதியிருந்தாய். நேராக எழுதலாம், கை இருக்கும்வரை. ஒரு பெரிய மனுஷனைத் திருடன் என்று அச்சடித்தால் முச்சந்தியில் கழுத்தையும் கையையும் மரச்சட்டத்தில் மாட்டி அழுகிய முட்டையால் அடிப்பார்கள். அதையே ஒரு வாத்துக்குப் பொய்முடி மாட்டி எழுதிவிட்டால், அந்த வாத்து நான்தான் என்று பெரிய மனுஷன் நீதிமன்றத்தில் வந்து நிரூபிக்க வேண்டும். எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வரும் சொல். அதோடு காபிக் கடையில் ஒருவன் அதை உரக்கப் படித்தால் நாற்பது பேர் கேட்கிறார்கள். பிரசங்கத்தில் நாற்பது பேர் விழித்திருந்து நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இனி மறைத்து வைத்ததைச் சொல்கிறேன், பதறாதே, எல்லாம் முடிந்துவிட்டது. போன வருஷக் கடைசியில் பெயர் போடாமல் ஒரு வாத்துக் கதை எழுதினேன். எழுதியது நான் என்று உன் அப்பாவுக்கு மட்டும் தெரியும், அவர்தான் எழுத்துக் கோத்து அச்சடித்தார். நகரசபையில் இருக்கும் கிரிம்ஷா என்கிற பெரிய மனுஷர் அது தன்னைத்தான் சொல்கிறது என்று வழக்குப் போட்டுவிட்டார். எழுதியது யார் என்று கேட்டு அப்பாவை ஒன்பது வாரம் சிறையில் வைத்தார்கள். யாரோ கதவுக்கு அடியில தள்ளிட்டுப் போனாங்கய்யா என்று ஒரே பாட்டாகப் பாடியிருக்கிறார். நான் ரொட்டி கொண்டுபோகும்போதெல்லாம், என் பேரைச் சொல்லிட்டு வெளிய வாங்களேன் என்று கெஞ்சினேன். சும்மா கெட டார்கஸ், எனக்கு இங்க நல்லாத் தூக்கம் வருது என்பார். கல் தரையில் படுத்துக்கொண்டு சொல்கிற பேச்சு அது. வழியெல்லாம் அழுதுகொண்டே வீட்டுக்கு வருவேன்.

வழக்கு நாளில் கிரிம்ஷா தன் வேலைக்காரனையே சாட்சிக்குக் கூட்டி வந்தார். வாத்து உன் எஜமான்தான்னு எப்படிச் சொல்ற என்று கேட்டார்கள். அவன் கடமை தவறாதவன், கதையில் வாத்து செய்வதை ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணினான். எங்கய்யா சர்ச்சுல குறட்டை விடுவாருங்க, பசியே இல்லன்னு சொல்லிட்டு மூணு தட்டு தின்பாருங்க, தெரியாத விஷயத்துக்கெல்லாம் யோசனை சொல்வாருங்க. நீதிபதி கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டார். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த நடுவர்கள் பன்னிரண்டு பேரும் போய்ப் பேசி வந்தார்கள். ஐயா மேல எங்களுக்கு ரொம்ப மரியாதைங்க, இவ்வளவு கேவலமான வாத்து அவராத்தான் இருக்கணும்னு சொல்ல எங்களுக்கு நா கூசுது, அதனால அச்சுக்காரர் மேல குத்தமில்ல என்று அவர்களின் தலைவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பசியே இல்லை என்று சொல்லிக்கொண்டு மூன்று தட்டு தின்றார். வாயைத் துடைத்துக்கொண்டு, கிரிம்ஷாவ அப்படியே புட்டுப் புட்டு வச்சுட்டியே, அந்தாளு குறட்டை விடறத எங்கடி போய்ப் பாத்த என்று கேட்டார். கிரிம்ஷாவை நான் முதன்முதலாகப் பார்த்ததே நீதிமன்றத்தில்தான். முப்பது வருஷமாகச் சர்ச்சில் என் தோளில் சாய்ந்து குறட்டை விடுவது யார் என்று உனக்குத் தெரியும்.

கர்த்தர் உங்கள் மூவரையும் காக்கட்டும். குழந்தைக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், ஒன்று கொஞ்சம் நீளம். அப்பாவுக்கு எழுதும்போது வாத்தைப் பற்றி மூச்சு விடாதே. எனக்காக ஒன்பது வாரம் கல்லில் படுத்த மனுஷன், அவர் மனம் நோகக் கூடாது. கீழே இரண்டாம் பதிப்புக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருக்கிறார். சிரிப்புச் சத்தம் மாடிவரை கேட்கிறது.

உன் அம்மா,
டார்கஸ்