செவ்வாய்க்கிழமை விடுமுறை

மார்ச் 4, செவ்வாய்

இன்று எழுபத்திரண்டு பேருக்கு ரத்தம் எடுத்தேன். ஒரு பெரியவர் கையை நீட்டிக்கொண்டே, "எப்பம்மா குத்துவே?" என்று கேட்டார். எடுத்து முடித்து டியூப்பில் பேரே ஒட்டியாச்சு. இருபது வருட சர்வீஸில் இது எனக்குப் புதிதில்லை. ஆனாலும் கேட்க இனிக்கத்தான் செய்கிறது.

வீட்டுக்கு வந்தால் இவர் முகம் தொங்கிப் போயிருந்தது. துறைமுகத்து வருடாந்திரப் பரிசோதனையில் பிரஷர் 164-க்கு 102. ஏப்ரல் 10 மறுபடி பார்ப்பார்களாம். அதற்குள் 140-க்குக் கீழே வராவிட்டால் கிரேனில் ஏறவிட மாட்டார்கள். பதினேழு வருடமாக அந்தக் கூண்டில் உட்கார்ந்து கன்டெய்னர் தூக்குகிறவர். "கேட்டுல உக்காந்து லாரி நம்பர் எழுதச் சொல்லுவாங்க" என்றார்.

காரணம் எனக்குத் தெரியாதா? ஜனவரியில் இவர் தூக்கிய பெட்டி ஒன்று கொக்கி நழுவி ஒரு பக்கமாய்ச் சாய்ந்து அந்தரத்தில் நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இவர்மேல் தப்பில்லை என்று விசாரணையிலும் எழுதிவிட்டார்கள். அன்றைக்குப் போன தூக்கம் போனதுதான்.

மார்ச் 5, புதன்

காலையில் எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஈசிஜி எடுத்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது. மாத்திரை எழுதினார், உப்பைக் குறை என்றார், நடக்கச் சொன்னார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் எப்படி?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கோம் டாக்டர்."

"அதைக் கேக்கல. புருஷன் பொண்டாட்டியா எப்படி?"

இவர் மின்விசிறியைப் பார்த்தார். நான் மனசுக்குள் பின்னோக்கி எண்ணினேன். நாலு மாசம்! எனக்கு ஏழிலிருந்து மூன்று வரை வேலை, ஞாயிறு விடுமுறை. இவருக்கு இரண்டிலிருந்து பத்து வரை, செவ்வாய் விடுமுறை. ஒரே கட்டில், ஆனால் ஒருத்தர் படுக்கும்போது இன்னொருத்தர் குறட்டை.

மனசு இறுகிக் கிடக்கும் காலத்தில்தான் தம்பதிகள் தள்ளிப் படுக்கிறார்கள், உடம்புக்கு நெருக்கம் ரொம்பத் தேவைப்படுவதும் அப்போதுதான் என்றார் டாக்டரம்மா. அணைப்பும் உறவும் பதற்றத்தைத் தணிக்கும், உடம்பு தளரும், தூக்கம் வரும். "மாத்திரைக்குப் பதிலா இல்ல. மாத்திரையோட சேத்து" என்று விரலை ஆட்டிச் சொன்னார்.

வெளியே வந்ததும் இவர், "அந்தம்மாவுக்குக் கூச்சமே கிடையாதா?" என்றார். எனக்கும்தான் கிடையாது. ஏப்ரல் பத்துக்குள் பிரஷரை 140-க்குக் கீழே கொண்டுவந்து காட்டுகிறேன்.

மார்ச் 7, வெள்ளி

லேப் இன்சார்ஜ் அக்காவிடம் பேசி, ஒரு மாதத்துக்கு என் ஞாயிறைக் கொடுத்துச் செவ்வாயை வாங்கிவிட்டேன். வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, கூட இருக்கணும் என்றேன். பொய்யில்லையே? "ஞாயித்துக்கிழமைய விட்டுக் குடுக்கிறவள இப்பத்தான் பாக்குறேன்" என்றார் அக்கா.

மார்ச் 11, செவ்வாய்

மகள் பள்ளிக்கூடம் போனாள். திரைச்சீலையை இழுத்துவிட்டேன். இரண்டு பேருக்கும் புதுசாய்க் கல்யாணமானவர்கள் மாதிரி கை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது.

தொடங்கும் முன் 152. முடிந்து அரைமணி கழித்து 146. ஆஹா! பீரோக் கதவில் ஒரு தாளை ஒட்டி, 'முன்', 'பின்' என்று இரண்டு கட்டம் போட்டு எழுதிவிட்டேன். இவர், "இதெல்லாம் எதுக்கு?" என்று முனகினார். நான் காதில் வாங்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

மகள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டாள்.

"எதுக்கு முன், எதுக்குப் பின்?"

"அப்பா நடக்கிறாருல்ல, அதுக்கு."

"செவ்வாய்க்கிழமை மட்டுமா நடக்கிறாரு?"

பதினைந்து வயசு வாய். அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று ஓடிவிட்டேன். அடுப்பே பற்ற வைக்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

நாசமாப் போச்சு.

முதலில் பிரஷர் கருவியைக் கையில் கட்டினேன். 158. அதைப் பார்த்ததிலிருந்தே இவர் இவராக இல்லை. கொஞ்ச நேரத்தில், "முடியல" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கணும். இருந்தேனா? "பரவால்ல, கையக் குடுங்க, இப்ப எவ்வளவுன்னு பாப்போம்" என்றேன். 170. இவர் பட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டார்.

"என்னை ஆஸ்பத்திரியிலேயே படுக்க வெச்சிருக்கலாம்ல? உனக்கு நான் வேணுமா, நம்பர் வேணுமா?"

எவ்வளவு பாடுபடுறேன் இந்த மனுஷனுக்காக! என்னைப் போய் இப்படிக் கேட்டுட்டாரே. ஞாயிறு போச்சு, மானம் போச்சு. எனக்கென்ன தலையெழுத்து?

மார்ச் 19, புதன்

பேச்சு வார்த்தை இல்லை.

மார்ச் 22, சனி

இன்று ஊசியைக் கண்டாலே நடுங்குகிற ஒரு பெண். எத்தனை பிள்ளைங்க, மூத்தவன் என்ன படிக்கிறான் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் மூத்தவனைத் திட்டி முடிப்பதற்குள் ரத்தம் எடுத்தாகிவிட்டது. முன்பின் தெரியாதவளுக்கு இவ்வளவு பேச்சு. கட்டின புருஷனிடம் கையக் குடுங்க, வாயத் திறங்க, மாத்திரை போட்டாச்சா. இவ்வளவுதான் பேசியிருக்கிறேன் நான்.

இவர் கேட்டது சரிதான். எழுதும்போதே கோபம் வருகிறது, ஆனால் சரிதான்.

மார்ச் 25, செவ்வாய்

தாளைக் கிழித்தேன். கருவியை நேற்றே லேபில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பிரஷரை வாரம் ஒரு தடவை டாக்டரம்மா பார்த்துக்கொள்ளட்டும். இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்:

"எனக்கு நம்பர் வேணாங்க. நீங்கதான் வேணும். நாலு மாசமா வேணும். கேக்க வெக்கமா இருந்துச்சு, அதான் டாக்டர் பேரைச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"வெக்கமா? உனக்கா?" என்று சிரித்தார். ஜனவரிக்குப் பிறகு இந்தச் சிரிப்பை இன்றுதான் பார்க்கிறேன்.

இன்று ஒன்றும் நடக்கவில்லை. சும்மா படுத்திருந்தோம். என் தோளில் தலை வைத்தவர் இரண்டரை மணி நேரம் தூங்கினார். கை மரத்துப்போய் எறும்பு ஊர்ந்தது. நான் எடுக்கவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்று எல்லாம் நன்றாக நடந்தது. மிக நன்றாக. இதற்கு மேல் நாட்குறிப்புக்குச் சொல்வதாக இல்லை.

அதற்கப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு தானாகவே பேசினார். அந்தப் பெட்டி சாய்ந்தபோது கீழே ஒரு ஆள் நின்றிருந்தானாம். ஓடவில்லை. நிமிர்ந்து இவரைப் பார்த்தானாம். "அவ்ளோ உயரத்துல இருந்து மூஞ்சி எங்க தெரியும்? ஆனா என்னைத்தான் பாத்தான். கண்ணை மூடினா அதான் வருது" என்றார். விசாரணையில் சொல்லவில்லை, கூட்டாளிகளிடம் சொல்லவில்லை. என்னிடமும் இவ்வளவு நாள் சொல்லவில்லை. சொல்லி முடித்து அழுதார். நான் எதுவும் அறிவுரை சொல்லவில்லை, கட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

இவர் குளியலறையில் பாடுகிறார். சுருதி சுத்தமாக இல்லை. பாடட்டும்.

ஏப்ரல் 10, வியாழன்

134-க்கு 86!

அங்கிருந்த டாக்டர், என்ன செய்தீர்கள் என்று கேட்டாராம். மாத்திரை, உப்பு, நடை, தூக்கம் என்று இவர் சொன்னாராம். "வேற?" என்றாராம் டாக்டர். "வேற ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டு நேராக என் லேபுக்கு வந்து இதைச் சொல்லும்போதே இவர் காது சிவந்துவிட்டது. எது எவ்வளவு குறைத்தது என்று யார் கண்டார்கள்? எனக்குத் தெரியவும் வேண்டாம். மத்தியானம் கூண்டுக்கு ஏறிவிட்டு மேலிருந்து போன் பண்ணினார். "மேல வந்துட்டேன். நல்லா இருக்கேன்" என்றார். லேப் மூலையில் நின்று கொஞ்சம் அழுதேன்.

ஏப்ரல் 12, சனி

இன்சார்ஜ் அக்கா விடுமுறைப் பட்டியலோடு வந்தார்.

"உன் ஞாயித்துக்கிழமைய உனக்கே போட்டுரட்டுமா?"

"வேணாங்க்கா. செவ்வாயே இருக்கட்டும்."

"ஏண்டி, வீட்டுக்காரருக்குத்தான் சரியாயிடுச்சுன்னியே?"

"சரியாயிடுச்சுக்கா. அதனாலதான் கேக்குறேன்."

அக்கா கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் டிசம்பர் வரைக்கும் செவ்வாய்க்கு நேராக என் பேரை எழுதிவிட்டுப் போனார்.