வாசனை எண்ணெய் வேணாம்மா

சீகிரியா, 2007

அன்புள்ள அம்மாவுக்கு மார்ஜரி எழுதுறது. அந்தோனியார் புண்ணியத்துல சுகமா இருக்கேன். உங்க முழங்கால் வலி எப்படி?

போன வாரம் ஹோட்டல்ல துணி காயப்போடுறப்போ குளவி கொட்டிருச்சு. நம்ம தேயிலைத் தோட்டத்துல செய்ற மாதிரி சுண்ணாம்பு தடவிட்டு வேலையப் பார்த்தேன். கொஞ்ச நேரத்துல முகம் வீங்கி மூச்சு முட்டிருச்சு. கூட வேலை செய்ற குசுமா அக்காதான் திரீவீலர்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. என் முகத்தைப் பார்த்து, வழியில சோதனைச் சாவடி ஆமிக்காரன்கூட அடையாள அட்டை கேக்காம வழி விட்டான். பயப்படாதீங்க, நல்லாயிட்டேன்.

மறுபடி கொட்டினா உடனே ஊசி போடணுமாம். மருந்து எப்பவும் பையில இருக்கு. ஊசி போட குசுமா அக்கா பழகிட்டாங்க. வாசனைக்குக் குளவி வருமாம். அதனால நீங்க காய்ச்சுற மருக்கொழுந்து எண்ணெய் வேணாம், வெறும் தேங்காயெண்ணெய் அனுப்புங்க.

தபாலுக்கு நேரமாச்சு. தினமும் நான் வெளிய போகுமுன்ன, வாசனை ஏதும் இருக்கான்னு குசுமா அக்கா என் தலையை மோந்து பாக்கிறாங்க. நீங்க உச்சி மோந்த மாதிரியே இருக்கும்மா. கண்ணை மூடிக்கிட்டு நிப்பேன்.

உங்க மகள்
மார்ஜரி