வெள்ளை நூல் கட்டாத கதிர்கள்

செப்டம்பர் 16

நன்றி வயலில் அறுப்பு முடிந்தது. ஊரின் பதினோரு வீடும் முறை வைத்துப் பயிரிடும் வயல். இந்த வருஷம் எங்கள் முறை. ஆறு தலைமுறைக்கு முன் பஞ்சத்தில் எங்கள் ஊர் தானிகுராவே விதைநெல்லையும் தின்று தீர்த்துவிட்டது. மலைமேல் இருக்கும் மேலூர் ஓகுசாவாக்காரர்கள்தான் விதை கொடுத்தார்கள். அன்றிலிருந்து இந்த வயலின் நெல் ஆண்டுக்கு ஒரு மூட்டை மலை ஏறுகிறது. போர்க் காலத்தில்கூடத் தவறவில்லை என்று எங்கள் ஊரில் பல் முளைக்காததும் பெருமை பேசும்.

கட்டுகளைக் கழிகளில் தொங்கவிட்டாயிற்று. ஒவ்வொரு கட்டிலும் வெள்ளை நூல் சுற்ற வேண்டும், நன்றி வயல் நெல் என்பதற்கு அடையாளமாக. முந்நூறு கட்டுக்கு மேல். இடுப்பு விட்டுப்போய்விட்டது. தனியாகத்தானே நிற்கிறது, யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்? நாளை பார்த்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 17

தூறல். நூல் கட்டவில்லை.

செப்டம்பர் 24

புயல் திசை மாறி எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. மத்தியானம் நான் போட்ட கூச்சலில் ஊரே ஓடி வந்தது. பக்கத்து வீட்டு நொபுயோ அக்காவின் கட்டுகளும் எதிர்வீட்டுக் கட்டுகளும் கழியில்தான் காய்ந்துகொண்டிருந்தன. அக்கா தன்னுடையதை விட்டுவிட்டு என்னுடையதைத்தான் முதலில் சுமந்தாள். “எங்களோடது வயித்துக்கு, உன்னோடது ஊர் மானம்டீ சுமியே!” கடைசியில் மூன்று வீட்டுக் கட்டுகளும் ஊர்க்கொட்டகைக்குள் வந்து சேர்ந்தன. ஒரு நெல்மணி கூட நனையவில்லை. அப்பாடா!

செப்டம்பர் 25

அப்பாடாவாம். என் தலை.

கொட்டகையில் எல்லாம் ஒரே குவியல். “நூல் இருக்கறத நீ எடுத்துக்க, மிச்சத்த நாங்க பிரிச்சுக்கறோம்” என்றாள் நொபுயோ அக்கா. என் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். குவியலை மூன்றாகப் பிரித்தாள். நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

எந்தக் கட்டு எந்த வயல்? கடவுளுக்குத்தான் தெரியும். அந்த ஒரு வயல் நெல்தான் போக வேண்டும் என்பது முறை. இத்தனை வருஷத்தில் ஒருத்தி கெடுக்க வேண்டும், அது நானா இருக்கணுமா?

செப்டம்பர் 28

என் வீட்டுக்காரர் கென்கிச்சி சொல்கிறார்: “எல்லாம் ஒரே வெதைதானே? சோத்துப் பருக்கையில பேரா எழுதியிருக்கு? வாய மூடிக்கிட்டு கொண்டுபோய்க் குடு.”

சரிதான். ஆனால் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

அக்டோபர் 4

கதிரடித்து முடித்தாயிற்று. மூட்டை கட்டும்போது அழுதேன்.

அக்டோபர் 19

மேலூர் போய் வந்தோம். வழக்கம்போல் மூட்டையைச் சபை நடுவில் வைத்தோம், எல்லாரும் வணங்கினோம். ‘நன்றி வயலின் நெல்லை ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று நான் சொல்ல வேண்டிய இடம். அதற்குப் பதில் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டேன்: நூல் கட்டவில்லை, கலந்துபோச்சு, என் சோம்பேறித்தனம்தான், மன்னிச்சுக்குங்க. கென்கிச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

மேலூர்த் தலைவி கினுவே என்னையே பார்த்தாள். அப்புறம் தொடையில் தட்டிச் சிரித்தாள்.

“ஏண்டி, அன்னைக்கு நாங்க குடுத்த வெதை எந்த வயலுதுன்னு நெனச்சே? பஞ்சம் எங்களுக்கும்தான். வீட்டுக்கு ரெண்டு பிடி, பதினேழு வீடு, எல்லாம் ஒரே சாக்குல. கலந்த நெல்ல வாங்கிட்டுப் போய், அதுக்குத் தனி வயல், வெள்ளை நூலுன்னு மடி பாத்தது உங்க ஊருக்காரங்கதான். நாங்களா கேட்டோம்?”

சபையே சிரித்தது. எனக்கு அழுகை நிற்கவில்லை. சேப்பங்கிழங்குக் குழம்பு மூன்று கிண்ணம் குடித்தேன். மூன்று வாரத்தில் இன்றுதான் பசித்தது.

இறங்கி வரும்போது கென்கிச்சி, “நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார். என்ன சொன்னாராம்? கேட்கவில்லை, நிம்மதியாக நடந்தேன்.

ஏப்ரல் 6

காலையில் கினுவேயிடமிருந்து ஃபோன். வழக்கமான கிண்டல் இல்லை. அவர்கள் விதைக் கொட்டகையில் எலி புகுந்து நாசமாக்கிவிட்டதாம். ஊற வைக்க இன்னும் நாலே நாள். “நம்ம நெல்லுக்கு வெதை இப்ப உங்க ஊர்லதான் இருக்கு. கொஞ்சம் கெடைக்குமா, சுமியே?” கேட்கவே அவளுக்குக் கூச்சம். எனக்கோ சந்தோஷம்.

ஊரில் சொன்னதுதான் தாமதம், மதியத்துக்குள் பதினோரு வீட்டு நெல்லும் வாசலுக்கு வந்துவிட்டது. நொபுயோ அக்கா தன் படியை நீட்டி, “எந்த வீட்டுதுன்னு நூல் கட்டட்டுமாடீ?” என்றாள். அடிக்கக் கை ஓங்கினேன்.

எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டினேன்.