பாதியில் எழுந்து வந்த படம்

ஐப்பசி 20, வியாழன்

காலையிலிருந்து தூறல். கொடியில் போட்ட யூனிபார்ம் காயவில்லை. ஈரத்தோடே கம்பெனி பஸ் ஏறினேன்.

நாளை நம்ம ஆளு படம் ரிலீஸ். எங்கள் வீட்டில் நம்ம ஆளு என்றால் அந்த நடிகர் ஒருவர்தான். என் வீட்டுக்காரர் பதினாறு வயதிலிருந்து ரசிகர் மன்றத்தில். ஓட்டுகிற டிராக்டர் முன்னாலும் அவர் ஸ்டிக்கர்தான். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, "அவர் படம்லாம் பாப்பியா?" என்பதுதான் என்னைக் கேட்ட ஒரே கேள்வி.

ஞாயிறு காஞ்சிபுரத்தில் மேட்னி. டிக்கெட் போட்டாச்சு. வேண்டியது: ஒரு குத்துப் பாட்டு, மழையில் ஒரு சண்டை, கொஞ்சம் சிரிப்பு. வேறென்ன.

21, வெள்ளி

பஸ்ஸில் பக்கத்து சீட் ரோஸி போனில் விமர்சனம் ஓடவிட்டாள். கண்ணாடி போட்ட ஒருவர். இந்த நடிகர் இதுவரை நடித்த படங்களுக்கெல்லாம் இது பிராயச்சித்தமாம். அப்படியென்றால் நாங்கள் பார்த்ததெல்லாம் பாவமா?

அறுவடைக் கூலியாளாக வருகிறாராம். பாட்டே இல்லை. இடைவேளைக்கு முன்னால் ஒரு காட்சி, சினிமாவில் இதுவரை வராத நிஜமாம். கடைசிக் கால் மணி நேரம் மட்டும் மசாலாவாம். ஐந்துக்கு நாலு.

ரோஸி: "நாலு குட்துகீறான்டி. இந்தாளு ரெண்டரைக்கு மேல தரவே மாட்டான்."

"பாட்டு இல்லாத இன்னாத்துக்குடி போறது?"

"நல்ல படம்டி அது."

வீட்டில் சொன்னேன். இவர் டிராக்டர் சேற்றைக் கழுவிக்கொண்டே, "அவன் இன்னா சொல்றது? நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். பத்து நிமிஷத்தில் யாருக்கோ போன். "நாலுப்பா, நாலு!"

22, சனி

ஓவர்டைம். தலைவலி. நல்லெண்ணெய் வாங்க மறந்தேன். மன்றத்து ஆட்கள் இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். ஒருவர் தூங்கிவிட்டாராம். இன்னொருவர் அழுதாராம். ஒரே ஷோ, பக்கத்துப் பக்கத்து சீட்.

23, ஞாயிறு. மாலை 6

என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

படம் நன்றாகத்தான் இருந்தது. நெல் கட்டு தூக்கும் இடத்தில் பின்னால் யாரோ, "நம்ம காவாந்தண்டலம் ஊரு மாரியே கீது" என்றார். ஆனால் எங்கே விசில் அடிப்பதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. நம்ம ஆளு வந்ததும் இவர் இரண்டு விரலை வாயில் வைத்தார். அவர் கூனிக்கொண்டு வந்தார், யாரோ மாதிரி. இவர் விரலை எடுத்துவிட்டார்.

பிறகு அந்தக் காட்சி. நிலத்துக்காரர் எதிரில் சைக்கிளை விட்டு இறங்காமல் போனதற்காக, நம்ம ஆளைக் களத்தில் நிறுத்தி, மகன் கண்ணெதிரே, செருப்பால். இப்போது திருப்பி அடிப்பார், இதோ அடிப்பார் என்று காத்திருந்தேன். தியேட்டரே காத்திருந்தது. அவர் கைகட்டி நின்றார்.

இவர் எழுந்தார். "வா போலாம்."

"இன்னா ஆச்சி?"

"வான்றேன்ல."

பைக்கை வேகமாக ஓட்டினார். மழைக்குக்கூட ஒதுங்கவில்லை. திருப்புலிவனம் தாண்டும்போது கேட்டேன், "படம் நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் கீது."

நன்றாக இருந்தால் ஏன் வந்தோம்?

24, திங்கள்

ரோஸி நம்பவில்லை. "அந்த சீன்லயா எயுந்து வந்தீங்க? அதான்டி படத்துலயே பெஸ்ட்டு!"

சாப்பாட்டு நேரத்தில் நாலு விமர்சனம் தேடிப் பார்த்தேன். எல்லாரும் அந்தக் காட்சியைத்தான் புகழ்கிறார்கள். உலுக்கும், உறைய வைக்கும். அப்புறம் என்ன ஆகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. தியேட்டரில் காண்க.

26, புதன்

மழை விட்டது. இவர் நாஷ்டா சாப்பிடாமல் போனார், மூன்றாவது நாள்.

நாத்தனார் முருங்கைக்கீரை கொண்டுவந்தார். உட்கார்ந்து ஆய்ந்துகொண்டே படக் கதை சொன்னேன். அவர் கை நின்றுவிட்டது.

"அந்தப் படத்துக்கா இட்டுக்கினு போன? எங்கப்பாவ அட்ச்சப்ப தம்பிதான் கூட நின்னுக்கினு இருந்தான். ஒம்போது வயசு."

"எதுக்கு அண்ணி அட்ச்சாங்க?"

"நெலத்துக்காரன் மோட்டார் கொட்டாய் தொட்டில தண்ணி குட்ச்சாரு. அவ்ளோதான்."

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். எனக்குத் தெரியாது.

யார் மேல் கோபப்படுவது? விமர்சகர் நிஜம் என்றார், நிஜம்தான். இவருக்கு அது நாலு மார்க்கா? நான் கேட்டது ஒரு பாட்டும் சண்டையும். அதுவும் தப்பா?

28, வெள்ளி

இவராகவே கேட்டார். "அந்தப் படம் இன்னும் ஓடுதா?"

"ஞாயித்துக்கியம வரைக்கும்."

"டிக்கெட்டு போடு. ஒண்ணு போதும்."

ஒன்று போட்டேன். சண்டையும் போடவில்லை, காரணமும் கேட்கவில்லை.

30, ஞாயிறு

வெயில். மூட்டையாய்க் கிடந்த துணியெல்லாம் துவைத்துப் போட்டேன். நடுவில் ஒரு பயம், படத்துக்குப் போனவர் மறுபடி பாதியில் வந்துவிடுவாரோ என்று. வரவில்லை. மாலை 6 மணிக்கு வந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்தார்.

"கடசில அட்ச்சிட்டாரு."

"யாரு?"

"நம்ம ஆளுதான். அதே களத்துல. ஒரே அடி, அவன் உருண்டான். தேட்டர்ல விசிலுன்னா விசிலு."

"நீ அட்ச்சியா?"

"அட்ச்சேன். அப்பறம் அயுதுட்டேன். பக்கத்து சீட்டு ஆளு தண்ணி பாட்டில் குட்த்தாரு."

அந்தக் கால் மணி நேரத்தைத்தான் மசாலா என்கிறார்கள் என்று சொன்னேன். யோசித்தார்.

"பொய்தான். அப்டில்லாம் நடக்காது. எங்கப்பா அடிக்கல."

தன் அப்பாவைப் பற்றி என்னிடம் முதல் பேச்சு.

"அப்ப படம் எப்டி? நல்லா கீதா, இல்லியா?"

"தெரியலியே."

எனக்கும் தெரியவில்லை. ஒரு சட்டையை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"அந்த மோட்டார் கொட்டாய் இன்னும் கீது. இன்னா நடந்துச்சின்னு தெரியுமா ஒனக்கு?"

நாத்தனார் சொன்னதை வாயில் வைத்துக்கொண்டே, தெரியாது, சொல்லு என்றேன்.